என் இரண்டு அறைகளும் மாமனாரின் பழைய பிளேடுகளும்

மரம் அறுக்கிற பிளேடு தேய்ந்துபோனால் அதை என்ன செய்வார்கள் என்று யாராவது கேட்டால் நான் தயங்காமல் பதில் சொல்வேன். ஒன்றும் செய்ய மாட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டு, அதை என்ன செய்யலாம் என்று வருஷக்கணக்கில் பேசுவார்கள். தொண்ணூறுகளின் முதல் பாதியை நான் அந்தப் பேச்சைக் கேட்டே கழித்தேன்.

மைசூரில், நஞ்சன்கூடு போகிற ரோட்டை ஒட்டி, என் மாமனாருக்கு ஒரு மரமில் இருந்தது. நான் கௌதள்ளி என்கிற கிராமத்தில் பட்டுப்புழு வளர்க்கிற வீட்டுப் பெண். மாப்பிள்ளைக்கு மைசூரில் மில் இருக்கிறது என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். வந்து பார்த்தால் மில் மாமனாருக்கு இருந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு ஸ்கூட்டர் இருந்தது. அதற்கும் பெட்ரோல் மாமனார்தான் போட்டார்.

முன்னால் மில், நடுவில் வீடு, பின்னால் கொஞ்சம் காலி இடம். காலி இடம் என்று பேச்சுக்குத்தான் சொல்கிறேன். அங்கே பழைய பிளேடுகள் குடியிருந்தன. மில்லில் ஓடுகிற பிளேடு தச்சர் கையில் இருக்கிற ரம்பம் மாதிரி இருக்காது. ஒரு ஓரத்தில் பல் வெட்டிய நீளமான எஃகுப் பட்டையை முனையோடு முனை ஒட்டி, ஆளை விடப் பெரிய வளையமாக்கி, மேலும் கீழுமாக இருக்கிற இரண்டு சக்கரங்களில் மாட்டி ஓட்டுவார்கள். மழுங்கினால் தீட்டுவார்கள். தீட்டத் தீட்டப் பட்டை அகலம் குறைந்துகொண்டே வரும். கடைசியில் விரிசல் விட்டு, இனிமேல் ஓட்டினால் அறுந்து ஆளை அடிக்கும் என்ற நிலைமை வந்ததும் கழற்றி, முறுக்கி, மூன்று சுற்றாகச் சுருட்டி, கயிற்றால் கட்டிப் பின்னால் வீசுவார்கள். கட்டிக் கிடக்கும்வரை சாது. கயிறு அறுந்தால் படீரென்று துள்ளி, பழைய அளவுக்கு விரிந்துவிடும்.

வீட்டில் ஒரு ஹால், ஒரு சமையலறை, சாமான் போட ஒரு பொந்து. அதில் மாமனார், கணவர், நான், எங்கள் மகள். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் ஜனத்தில் மருமகள் மாமனாரின் முகம் பார்த்துப் பேசக்கூடாது. அவர் எதிரில் உட்காரக்கூடாது. அவர் ஹாலில் இருந்தால் குறுக்கே நடக்கக்கூடாது. மாமியார் இருக்கிற வீடுகளில் இதனால் பெரிய கஷ்டம் கிடையாது. சொல்ல வேண்டியதை அவர் மூலம் சொல்லிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அந்த வேலை முழுவதும் என் கணவர் தலையில் விழுந்தது. அவரும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டார். இவ்வளவு உற்சாகமாக அவர் வேறு எந்த வேலையும் செய்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் மில் நின்றதும் மாமனார் வந்து ஹால் நாற்காலியில் சாய்ந்தால், அதோடு நான் சமையலறையில் கைதி. அவர் சாப்பிடுவதும் ஹாலில், படுப்பதும் ஹாலில். டிவியும் ஹாலில். அந்தக் காலத்தில் ஊரெல்லாம் டிவி பார்த்தது. நான் டிவி கேட்டேன். எந்தத் தொடரில் எந்தப் பெண் எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியாது. யார் எப்படி அழுவாள் என்று மட்டும் துல்லியமாகத் தெரியும். மகள் ஹாலுக்கும் சமையலறைக்கும் ஓடி ஓடி, "அம்மா, இப்ப அவ கன்னத்துல அறைஞ்சுட்டா" என்று சொல்லிவிட்டுப் போவாள். அறை விழுந்த சத்தம் எனக்கு முன்பே கேட்டிருக்கும்.

எனக்கு வேண்டியதெல்லாம் பின்னால் இருந்த அந்த இடத்தில் இரண்டு அறை. ஒன்று சமையலுக்கு, ஒன்று இருக்க. தனியாக ஒரு வாசல். மில்லில் பலகைக்குப் பஞ்சமில்லை, ஓடு வாங்கினால் போதும். அந்த வாசல்படியில் கால் நீட்டி உட்கார்ந்து, யார் வருகிறார் என்று திரும்பிப் பார்க்காமல் ஒரு தம்ளர் காபி குடிக்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான். மனசார ஆசைப்பட்டேன் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை.

கணவரிடம் சொன்னதும் உடனே ஒப்புக்கொண்டார்.

"செஞ்சுட்டா போச்சு. ஆனா அந்த பிளேடு குப்பையை எல்லாம் எடுக்கணுமே. அப்பாவைக் கேக்கறேன் இரு" என்றார்.

சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால் மில் தெரியும். கணவர் போய் மாமனார் பக்கத்தில் நின்றார். இரண்டு பேரின் வாயும் அசைந்தது. மரம் அறுபடுகிற சத்தத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமனார் என்னவோ கையை ஆட்டினார். திரும்பி வந்த கணவரின் முகம் துக்க வீட்டுக்குப் போய்விட்டு வந்த மாதிரி இருந்தது.

"அப்பா ஒப்புக்கலை. அதெல்லாம் பூசை போட்ட இரும்பாம். குஜரிக்காரனுக்குப் போட்டா வீட்டை விட்டு லட்சுமி போயிடுவாளாம்."

குஜரி என்றால் பழைய இரும்புக் கடை. பூசை என்றது ஆயுத பூசையை. தசராவுக்கு மைசூரில் சைக்கிள் பம்பைக்கூட விட மாட்டார்கள், சந்தனம் பூசிப் பூ வைத்துவிடுவார்கள். மில்லில் ஓடுகிற பிளேடுக்குக் கேட்க வேண்டுமா? அதனால் அவர் சொன்னது நம்பும்படியாகத்தான் இருந்தது. அரண்மனை மாதிரி வீடு வைத்திருக்கிறவர்கள் லட்சுமியைப் பற்றிக் கவலைப்பட்டால் அர்த்தம் உண்டு. ஒரு ஹாலும் ஒரு பொந்தும் வைத்திருக்கிற மனிதர் துருப்பிடித்த பட்டைக்குள் லட்சுமி இருக்கிறாள் என்கிறாரே என்று எனக்கு வயிற்றெரிச்சல். முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை கேட்க முடியாதே என்று அதற்கு மேல் எரிச்சல்.

கணவர் என்னைச் சமாதானப்படுத்தினார். குஜரிக்குத்தான் போடக்கூடாது, நாமே உபயோகப்படுத்தித் தீர்த்துவிடலாம், அதற்கு அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார் என்றார். அன்று தொடங்கியது ஆராய்ச்சி. முதலில் பிளேடை வெட்டித் தோசைத் திருப்பி செய்தார். அது தோசையோடு கல்லையும் சுரண்டி எடுத்தது. நாங்கள் கொஞ்ச நாள் கறுப்புத் தோசை சாப்பிட்டோம். மீந்த திருப்பிகளைச் சொந்தக்காரர்களின் கல்யாணங்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். சொந்தக்காரர்கள் எங்களை அழைப்பது குறைந்தது.

அடுத்து வாசலில் ஒரு துண்டு பிளேடைப் பல் மேலே தெரியும்படி மண்ணில் நட்டு, சேறு சுரண்டுகிற கருவி என்றார். மழைக்காலத்தில் செருப்பைத் துடைத்துக்கொண்டு உள்ளே வரலாமாம். முதலில் வந்தவர் மின்சார மீட்டர் பார்க்கிறவர். அவர் செருப்பின் பாதி வாசலிலேயே நின்றுவிட்டது, மீதியோடு அவர் உள்ளே வந்தார். பிறகு குளியலறைக் கதவுக்குப் பிளேடில் சட்டம். முருங்கை மரத்தைச் சுற்றிப் பிளேடில் வேலி. துணி உலர்த்தப் பிளேடில் கொடி; அதில் என் இரண்டு சேலைகள் கிழிந்தன. இத்தனை கண்டுபிடிப்புக்குப் பிறகும் பின்னால் போய்ப் பார்த்தால் குவியல் இருந்தபடியே இருந்தது. அவர் ஒரு பிளேடைத் தீர்ப்பதற்குள் மில் இன்னொன்றைக் கழித்துப் போட்டுவிடும்.

அந்த வருஷம் தசரா நெருங்கியதும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பூசை போட்டால்தானே தொல்லை? பூசை படாத இரும்பு வெறும் இரும்புதானே? அந்த வருஷம் கழித்த பிளேடையாவது காப்பாற்றலாம் என்று, பூசைக்கு முந்தின நாளே, பின்னால் புதிதாக வந்து விழுந்திருந்த சுருள்களின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடி நாலு மூலையிலும் கல் வைத்தேன். பூசை முடிந்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை எல்லாம் ஆனபிறகு போய்ப் பார்த்தேன். தார்ப்பாய்க்கு நடுவில் ஒரு பெரிய குங்குமப் பொட்டு. அதன் மேல் ஒரு செவ்வந்திப் பூ.

"அப்பாதான் வெச்சாரு" என்றார் கணவர். "மூடி வெச்சா சாமிக்குத் தெரியாதான்னு கேட்டாரு."

அன்று ராத்திரி சாதம் குழைந்தது. வேண்டுமென்றே குழைத்தேன். மாமனார் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுவும் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. மனிதர் மனசுக்குள் சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

வழி காட்டியவன் என் அண்ணன். அவன் பட்டுக்கூடு விற்க மைசூர்ப் பக்கம் வருகிறபோது வீட்டுக்கு எட்டிப் பார்ப்பான். அப்படி வந்தவன் பின்னால் கை கழுவப் போய், குவியலைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டான்.

"ஏம் புள்ளே, இத்தன நல்ல எஃகை மழைல போட்டு வெச்சிருக்கீங்க? இதுல எலை நறுக்குற கத்தி அடிச்சா எப்பிடி இருக்கும் தெரியுமா?"

பட்டுப்புழு குஞ்சாக இருக்கிறபோது மல்பெரி இலையை முழுசாகப் போட முடியாது. பொடிப்பொடியாக நறுக்கித்தான் தூவ வேண்டும். கத்தி மழுங்கினால் இலை நசுங்கிச் சாறு விட்டுவிடும், குஞ்சு தின்னாது. எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் அந்த இலையை நறுக்கியே கை காய்த்துப்போனவர்கள். அண்ணன் ஒரு சுருளைக் கொண்டுபோய், ஊர்க் கொல்லரிடம் கொடுத்து, நாலைந்து கத்தி அடித்து அக்கம்பக்கத்தில் கொடுத்தான். அடுத்த தடவை வந்தபோது ஊரே கேட்கிறது என்றான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. குஜரியும் இல்லை, லட்சுமியும் போகமாட்டாள், குவியலும் குறையும். கணவரைத் தூது விட்டேன். அவர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போய் வாயை அசைத்துவிட்டு வந்து, "கத்திக்குன்னா எடுத்துக்கட்டும்னாரு" என்றார். அதன் பிறகு அண்ணன் வருகிறபோதெல்லாம் இரண்டு மூன்று சுருளைச் சாக்கில் சுற்றி பஸ் கூரையில் ஏற்றினோம். கண்டக்டர் முதல் தடவை சாக்கைத் தடவிப் பார்த்து, "இதேனம்மா?" என்று கன்னடத்தில் அலறினார். அதற்குள் வாயைத் திறந்தபடி ஒரு முதலை படுத்திருப்பதாக நினைத்திருக்க வேண்டும். அடுத்தடுத்த தடவைகளில் அவரே ஒரு கத்தி கேட்டு வாங்கிக்கொண்டார்.

குவியல் இறங்கியது. கொய்யா மரத்தடியில் மண் தெரிந்தது. நான் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு போய், அடுப்பு இங்கே, ஜன்னல் இங்கே, வாசல் சாமுண்டி மலையைப் பார்த்து என்று தரையில் கோடு கிழித்தேன். மகள் அந்தக் கோட்டுக்குள் போய் உட்கார்ந்து, "அம்மா, வீட்டுக்குள்ள வா" என்றாள்.

அந்தக் கோடு அழிவதற்குள் ஒரு நாள் மில் வாசலில் ஒரு தட்டுவண்டி வந்து நின்றது. வண்டி நிறையச் சுருட்டிக் கட்டிய பிளேடுகள். எங்கள் மில் பிளேடுகள் இல்லை. மாமனாரே பக்கத்தில் நின்று, ஆள்களை வைத்து, வீட்டைச் சுற்றிக் கொண்டுபோய் நான் கோடு கிழித்த இடத்தில் கச்சிதமாக அடுக்கச் சொன்னார். அடுத்த வாரம் இன்னொரு வண்டி. மைசூரில் இருக்கிற ஒவ்வொரு மரமில்லாகப் போய், கழித்துப் போட்டதையெல்லாம் கேட்டு வாங்கி வருகிறார் என்று தெரிந்தது.

"அப்பாவுக்குக் கத்தி வியாபாரம் புடிச்சுப்போச்சு" என்றார் கணவர். "நான் பேடா, வேணாம்னு சொன்னேன். கேக்கலையே."

நான் சமையலறைச் சுவரில் தலையைச் சாய்த்து அழுதேன். கொஞ்சம் சத்தமாகவே அழுதேன், ஹாலுக்குக் கேட்கட்டும் என்று. ஹாலில் டிவியின் சத்தம் குறைந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கணவர் எழுந்துபோனார், திரும்பி வந்தார், "தலைவலியான்னு கேக்கறாரு" என்றார். தலைவலிதான், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லச் சொன்னேன். அவர் போய் என்ன சொன்னாரோ, தலைவலி மாத்திரையோடு வந்தார்.

இப்படியே போயிருந்தால் நான் இன்றைக்கும் அந்தச் சமையலறையில் டிவி கேட்டுக்கொண்டிருப்பேன். மைசூரில் மின்சாரம் அடிக்கடி போய்க்கொண்டிருந்த காலம் அது. நல்லவேளை, ஒரு நாள் மத்தியானம் போனது. மில் நின்றது. ஆட்கள் டீ குடிக்கப் போனார்கள். கணவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனார். மகள் பள்ளிக்கூடத்தில். மறுநாள் அண்ணன் வருவதாக இருந்ததால் அவனுக்குச் சில சுருள்களைத் தனியாக எடுத்து வைக்கலாம் என்று நான் பின்னால் போனேன். அடியில் ஒன்று நன்றாக இருந்தது. இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து மறுபடி இழுத்தேன். மழையில் நனைந்து இற்றுப்போயிருந்த கயிறு அறுந்தது.

படீரென்று ஒரு சத்தம். அவ்வளவுதான் நினைவிருக்கிறது. கண்ணைத் திறந்து பார்த்தால் நான் நிற்கிறேன், என்னைச் சுற்றிப் பிளேடு நிற்கிறது. ஒரு சுற்று முழங்காலுக்குப் பக்கத்தில், ஒரு சுற்று இடுப்புக்குப் பக்கத்தில், எல்லாப் பல்லும் உள்பக்கமாக. சேலை பல இடங்களில் மாட்டியிருந்தது. ஒரு பக்கம் கொய்யா மரத்தில் இடித்து நிற்க, பட்டை முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது. உடம்பில் கீறல் கூட இல்லை. மூச்சு விட்டால் பல் படும்.

சத்தம் கேட்டு ஓடிவந்தவர் மாமனார். வீட்டு மூலையில் திரும்பியதும் என்னைப் பார்த்தார். பார்த்த கணமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருமகளை முகம் பார்த்துப் பேசக்கூடாதே. திருப்பிய முகத்துக்கு எதிரே கொய்யா மரம்தான் இருந்தது. அவர் கொய்யா மரத்திடம் சொன்னார்:

"அசையாம நிக்கச் சொல்லு. காலை எடுத்தா பல்லு இழுத்துக்கும்."

யாரிடம் சொல்வது என்று கொய்யா மரம் யோசித்தது. நானும் மரத்தைப் பார்த்தே பதில் சொன்னேன்.

"அசையலீங்."

"பயப்பட வேணாம்னு சொல்லு. நான் சாக்கு எடுத்தாரேன்."

சாக்குகளோடு வந்து, தலையைத் திருப்பியபடியே, கையால் தடவித் தடவிப் பல்லின் மேல் சாக்கைப் போர்த்தினார். பார்க்காமல் பிளேடில் கை வைக்கிற மனிதரைப் பார்த்து எனக்கு என் பயம் போய் அவர் விரல்களைப் பற்றிய பயம் வந்துவிட்டது. ஆயுசு முழுக்க மரமில்லில் இருந்து பத்து விரலையும் காப்பாற்றியவர், மரியாதைக்காக அன்றைக்கு ஒன்றை விட்டுவிடுவார் போலிருந்தது. பிறகு ஒரு பலகையை வைத்து ஒரு சுற்றை அழுத்தி, காலால் மிதித்துக்கொண்டு, மறுபடி மரத்திடம் பேசினார். ஆனால் இப்போது அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. அவருக்கும் கோபம் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இன்னும் எத்தன பிளேடு வேணுமாம்னு கேளு. மைசூரெல்லாம் சுத்தி பிச்சை கேட்டு வாங்கிப் போட்டாச்சு. உசுரு போற அளவுக்குக் கத்தி வியாபாரம் எதுக்காம்?"

எனக்கு ஒரு நிமிஷம் காது சரியாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்தது. பிறகு மரம், மரியாதை, ஜனம் எல்லாம் மறந்துபோய் நேராக அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நானு எப்பங் மாமா கேட்டேன்? நீங்கதானே வண்டி வண்டியா கொண்டாந்து போட்டீங்க!"

அவரும் திரும்பிவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கண் என்ன நிறம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நீதான் பத்தலைன்னு அழுவுறேன்னு அவன் சொன்னானே!"

"இடத்தைக் காலி பண்ணுங்கன்னு அழுதனுங் மாமா! ரெண்டு ரூம் கட்டணும்னு!"

"ரூமா?" என்றார். "ரூம் கட்டலாம்னு நான் சொல்லி எத்தன வருசமாச்சு? பொம்பளப் புள்ள வளருது, நான் ஹால்ல உக்காந்தா அந்தம்மா வெளிய வர முடியல, பின்னால கட்டிக் குடுடான்னேன். உன்னைப் பின்னால தள்ளி வெக்கறதா நினைச்சு நீ அழுவேன்னு அவன் சொன்னான். அப்புறம் இந்தப் பிளேடுதான் உனக்குப் பொழப்பு, கை வெக்க வேணாம்னு நீ சொன்னதாச் சொன்னான்."

"பூசை போட்ட இரும்பு, விக்கக்கூடாதுன்னு நீங்க சொன்னதா..."

"நானா? பழைய இரும்புக்கு யாரு பூசை போடுவா? ஓடுற பிளேடுக்குத்தான் பூசை. தேஞ்சு போனா தூக்கி எறிய வேண்டியதுதானே!"

"அப்ப தார்ப்பாய்ல குங்குமம்?"

"என்ன தார்ப்பாய்?" என்றார் மாமனார்.

இத்தனையும் நான் பிளேடுக்குள் நின்றபடி, அவர் அதை மிதித்தபடி பேசினோம். என்னை வெளியே எடுக்கிற வேலை இரண்டு பேருக்கும் மறந்தே போய்விட்டது. நினைவு வந்ததும் அவர் பலகையை இன்னும் அழுத்தினார். நான் சேலையைப் பல் பல்லாக விடுவித்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் எதிரிலேயே மண்ணில் உட்கார்ந்தேன். கொஞ்சம் தள்ளி அவரும் உட்கார்ந்தார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியிருந்தது. இத்தனை வருஷம் தப்பான ஆளுக்குச் சாதம் குழைத்துப் போட்டிருக்கிறேன். சரியான ஆளுக்குத் தினமும் முறுகலாகத் தோசை வார்த்திருக்கிறேன்.

அறைகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாரும் கவலைப்பட வேண்டாம். அண்ணனுக்கு வேண்டியது போக மிச்சத்தைக் குஜரிக்காரர் லாரி வைத்து அள்ளிக்கொண்டு போனார். லட்சுமி லாரியில் ஏறியதாகத் தெரியவில்லை. அடுத்த மழைக்கு முன்னால் இரண்டு அறையும் எழுந்துவிட்டன. வாசல் மலையைப் பார்த்துத்தான் இருக்கிறது. ஆனால் இதையெல்லாம் நினைக்கிறபோது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அறைகள் அல்ல, அன்றைக்குச் சாயங்காலம்.

கணவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு விசிலடித்துக்கொண்டே வந்தார். ஹாலில் அப்பாவைப் பார்த்தார். சமையலறை வாசலில் என்னைப் பார்த்தார். விசில் நின்றது. மாமனார் டிவி போட்டிருக்கவில்லை. கணவர் நேராக என்னிடம் வந்து, பழக்கதோஷத்தில், "அப்பா ஏதாவது சொன்னாரா?" என்று கிசுகிசுத்தார்.

"எல்லாத்தையும் சொன்னாரு" என்றேன்.

அவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி நான் மத்தியானத்திலிருந்தே தயார் செய்து வைத்திருந்தேன். அதில் ஒன்றைத்தான் கேட்டேன்.

"ஏனுங்க இப்பிடிப் பண்ணுனீங்க?"

பொய் சொல்லப் போகிறார் என்றுதான் காத்திருந்தேன். பொய்க்குப் பதில் என்னிடம் தயாராக இருந்தது.

"மில்லுல அப்பா வெச்சதுதான் சட்டம்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "வீட்ல நீ வெச்சதுதான். ஒரு பலகை வாங்க வர்றவன் கூட என்கிட்ட வெலை கேக்க மாட்டான். நீங்க ரெண்டு பேரும்தான் என்னைக் கூப்புட்டு, போய்ச் சொல்லு, போய்க் கேளும்பீங்க. தனி வாசல் வெச்சுக் குடுத்துட்டா, நீங்க பாட்டுக்கு இருந்துட்டா, எனக்கு இந்த வீட்ல என்ன வேலை?"

தயாராக இருந்த கேள்விகள் எங்கே போயின என்று தெரியவில்லை. கோபம் அப்படியேதான் இருந்தது. அதன் மேல் பரிதாபமும் வந்து ஏறிக்கொண்டது. அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கோபத்தை மட்டும் வைத்துக்கொள்ளத்தான் ஆசைப்பட்டேன்.

அப்போது ஹாலில் மாமனார் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, காபி இருக்குதா?"

மகனைக் கூப்பிடவில்லை. பேத்தியைக் கூப்பிடவில்லை. என்னைக் கேட்டார்.

"இருக்குதுங் மாமா, கொண்டாரேன்" என்றேன்.

காபியை ஆற்றித் தம்ளரில் ஊற்றி எடுத்தேன். வாசலில் நின்ற கணவர் வழக்கம்போல் வாங்கிக்கொண்டு போகக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.